கண்ணாடிக் கூட்டில் இருந்த விதைகள்

அண்ணி முப்பத்தோரு வருடம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து ஊராரின் மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்தவள். அவளுடைய சொந்தக் கண்ணாடி மட்டும் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்தே இருக்கும். ஏன் அண்ணி, அதை ஒரு நிமிடம் நிமிர்த்தி வைத்துக்கொள்ளக் கூடாதா என்றால், தையற்காரன் சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்து நீ பார்த்திருக்கிறாயா என்பாள்.

அவள் வேலை பார்த்த கடை ஒரு நடைவழி அளவுக்குத்தான் அகலம். முன்னால் சட்டங்கள் மாட்டிய அலமாரி, ஒரு நாற்காலி, ஒரு கைக்கண்ணாடி. திரைக்குப் பின்னால் அண்ணியின் ராஜ்ஜியம்: சுழலும் கல், கல்லின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய், தொட்டியில் தேங்கும் வெள்ளைச் சேறு. அந்த வெள்ளை அவள் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை.

சில கண்களுக்கு வில்லையின் பவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்றும் டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார். பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது டிகிரி வரை, அரை வட்டத்தில் ஏதாவது ஒரு எண். ஐந்து டிகிரி பிசகினாலும் போட்டவருக்குத் தலையிடிக்கும்; படிக்கட்டு சரிந்து தெரியும். அண்ணியின் வேலையே அந்த அரை வட்டத்துக்குள்தான் நடந்தது.

வீட்டுக்குப் பின்னால், பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே அவள் போட்டிருந்த பூப்பாத்தியும் அரை வட்டம்தான். சுவரோரம் நடுவில் ஒரு இரும்பு முளை. அதில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்துப் பத்து டிகிரியாக விளிம்பில் குச்சி நடுவாள். முளையிலிருந்து ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பூ. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்த என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, நீ பூ வளர்க்கிறாயா, பரீட்சை எழுதுகிறாயா என்று கேட்டாராம். எனக்கு வரையத் தெரிந்த ஒரே படம் இதுதான் என்றாளாம் அண்ணி.

அண்ணன் இறந்த மறு வருடம், நூற்றுப்பத்தாவது டிகிரியில், சிவப்பு ஜினியாக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு நிறத்தில் பூத்தது. வெளிறிய ஆரஞ்சு; இதழின் அடியில் மட்டும் தேய்ந்த செம்பின் நிறம். கிட்டப்பார்வைக்காரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற சாயங்காலம் மாதிரி என்பாள் அண்ணி. அந்த ஒரு செடியின் விதையை எடுத்து வைத்து அடுத்த வசந்தத்தில் போட்டாள். நாற்பது விதைக்கு மூன்று செடிதான் அதே நிறத்தில் வந்தது. அந்த மூன்றிலிருந்து விதை எடுத்தாள். இப்படிப் பதினோரு வருடம். தேனீக்கள் வேறு பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கெடுத்துவிடக் கூடாது என்று, வில்லை துடைக்கும் மெல்லிய துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து மொட்டுகளுக்குக் கட்டுவாள். பூத்தபின் பையை அவிழ்த்து, தூரிகையால் தானே மகரந்தம் தொட்டு வைத்துவிட்டு மறுபடி கட்டுவாள். கடைசியில் பத்துக்கு எட்டு அதே நிறத்தில் வந்தது. கேட்டவர் யாருக்கும் விதை கொடுக்கவில்லை. பத்துக்குப் பத்தும் வந்த பிறகுதான் அது வீட்டை விட்டு வெளியே போகும் என்பாள்.

ஒரு கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த நான், அந்தப் பைகளைப் பார்த்து, பூவுக்கு முக்காடா என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். இதெல்லாம் அண்ணன் நினைவாகவா என்று கேட்டபோது மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க அண்ணனுக்குச் செடியும் தெரியாது, கலரும் தெரியாது. பாவம், நல்ல மனுஷன். இது என்னோடது, பாப்பா."

அறுபத்திரண்டு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.

நான் வேறு ஊரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறை வீடு, என் புத்தகங்கள், என் நேரம். போன வருடக் குளிர்காலத்தில், இதயம் வீங்கியிருக்கிறது என்று அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்தான் வர வேண்டியிருந்தது. வந்தேன்.

அண்ணி மாடியில் படுப்பவள். இனி மாடிப்படி கூடாது, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆகவே கீழே பின்னறையைக் காலி செய்து அவள் கட்டிலைப் போட வேண்டும். அந்த அறையோ அவளுடைய சாமான் அறை. கட்டுக் கட்டாகச் செய்தித்தாள், கைப்பிடி போன வாளிகள், ஒற்றைச் செருப்புகள், எதற்கென்றே தெரியாத கயிறுகள். மூன்று நாள் அள்ளினேன். மூன்றாம் நாள் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடிக் கூடுகள், பத்தொன்பது, மூடியில் சீட்டு ஒட்டி வரிசையாக இருந்தன. சீட்டில் வெறும் எண்கள். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே ஏதோ சலசலத்தது. கடையிலிருந்து கொண்டுவந்த பழைய கண்ணாடிகள், உதிரித் திருகாணிகள் என்று நினைத்தேன்.

திறந்து பார்த்திருக்கலாம். கட்டை விரலால் நிமிண்டினால் திறந்துகொள்ளும் கூடுகள் அவை. நான் திறக்காததற்குக் காரணம் மறதி இல்லை, அவசரமும் இல்லை. முதுகு விட்டுப்போயிருந்தது. இத்தனையையும் சேர்த்து வைத்தவள் ஆஸ்பத்திரியில் சுகமாகப் படுத்திருக்கிறாள் என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. அது முழுசாக ஓடி முடிந்ததும், இழுப்பறையை அப்படியே ஒரு பையில் கவிழ்த்தேன்.

கண் ஆஸ்பத்திரி வாசலில், பழைய கண்ணாடிகளை இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அண்ணியைப் பார்க்கப் போகும் வழியில் இறங்கி, ஒவ்வொன்றாக அதில் போட்டேன். அறையும் காலியாயிற்று, நல்ல காரியமும் ஆயிற்று என்று அன்று அவளிடம் சொல்லக்கூட நினைத்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குளிர் விட்டு, இறுகிக் கிடந்த தரை இளகத் தொடங்கியபோது அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஜன்னலோரம் கட்டில். வந்த மூன்றாம் நாள் ஜன்னல் வழியே பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"பாப்பா, கீழ் இழுப்பறையில கண்ணாடிக் கூடெல்லாம் இருக்கும். நூத்துப்பத்துன்னு சீட்டு ஒட்டினத மட்டும் முதல்ல எடுத்துக் குடு. விதை நல்லா காஞ்சிருக்கான்னு பாக்கணும்."

விதை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. எல்லாவற்றையும் மாடிக்கு மாற்றி வைத்திருக்கிறேன், முதலில் மண் காயட்டும் என்றேன். மாடி என்று வாயில் வந்தது தற்செயல் இல்லை. அந்த வீட்டில் அவளால் போக முடியாத இடம் அது ஒன்றுதான்.

அன்று மதியமே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கண்ணாடி இல்லாத வெறும் கூடுகளை அன்றன்றே குப்பைக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"அந்தக் கூடா? திறந்தா உள்ளேருந்து கருப்பா ஏதோ கொட்டிச்சும்மா. எலிப் புழுக்கைன்னு நெனச்சு ரெண்டு தடவை கையக் கழுவினேன்."

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அண்ணி வேலை பார்த்த கடைக்குப் போனேன். பழைய கூடுகள் வேண்டும் என்று கேட்டேன்.

கடையை வைத்திருந்த பெரியவர் இறந்துவிட்டார், இப்போது அவர் மகன்தான் முதலாளி. அக்காவுக்கா என்று கேட்டு, ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி என் முன் வைத்தார். நான் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அவராகவே ஒரு கதை சொன்னார். அண்ணி வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் பழைய சீட்டுகளை அடுக்கும்போது, இரண்டு மாதம் முன்பு ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்த கண்ணாடியில் எழுபதை நூற்றெழுபதாக வைத்துத் தேய்த்துவிட்டது தெரிந்தது. டிரைவர் திரும்பி வரவே இல்லை. பெரியவர், வந்தால் பார்த்துக்கொள்ளலாம், நாமாகப் போய்ச் சொன்னால் கடைப் பேர் கெடும் என்றாராம். அண்ணி புது வில்லை தேய்த்து எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்கே போனாள். அந்த மனிதர் தனக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா வாசல்ல நின்னுக்கிட்டே, நான்தான் தப்பா தேச்சேன்னு சொன்னாங்களாம். அந்தாளு பொண்டாட்டி பிடி பிடின்னு பிடிச்சிட்டா. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வந்து, இங்க அவங்க ஸ்டூல்ல உக்காந்து அடுத்த வில்லையத் தேச்சாங்க."

நான் பத்தொன்பது கூடுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தக் கதையைக் கேட்டபிறகும் நர்சரிக்குத்தான் போனேன்.

நர்சரிக்காரரிடம் நிறத்தை விவரித்தேன். அவர் படம் போட்ட பொட்டலங்களைப் பரப்பி, எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, "அப்படி ஒரு கலரே கிடையாதும்மா, யாரோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றார். இருப்பதில் வெளிறிய ஆரஞ்சு என்று எழுதியிருந்ததை வாங்கினேன். மற்ற கோடுகளுக்கும் ஏதேதோ வாங்கினேன்.

மாடியறையில் உட்கார்ந்து, சமையலறைக் காலண்டரில் அண்ணி எழுதியிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்துச் சீட்டு எழுதினேன். அவள் பூஜ்யத்தை முழுவதும் மூட மாட்டாள். மேலே கொஞ்சம் திறந்தே இருக்கும். நானும் திறந்தே விட்டேன். மற்றவர்களின் கையெழுத்து உண்மையானதா என்று முப்பது வருடம் சரிபார்த்தவள் நான். வேலை சுத்தமாக இருந்தது.

பிறகு பாத்தி வேலை. சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்த இரண்டு வாரமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அண்ணி ஜன்னலில் உட்கார்ந்து கட்டளை போடுவாள். கடையிலிருந்து ஓய்வு பெற்றபோது தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கிவந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் வேர் பொறுக்குவேன். ஒரு முழ ஆழம் கொத்திப் புரட்ட வேண்டும். பழைய வேரையெல்லாம் எடுக்க வேண்டும். மட்கிய இலையும் எருவும் கலந்து ஒரு வாரம் ஆற விட வேண்டும். கையில் பிடித்தால் மண் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். முதல் நாள் கால் பாத்தி கொத்துவதற்குள் என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பேனா பிடித்த கை என்று ஊருக்கே தெரியும்படி இருக்கிறது என்றாள். மண்ணோடு உனக்கு என்ன பங்காளிச் சண்டை, மெதுவாகக் கொத்து என்றாள். நான் கயிற்றை இழுத்துக் குச்சி நட்டால், அங்கிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நீ நட்டது அறுபத்தைந்து, அறுபது இன்னும் உன் வலது கால் பக்கம் இருக்கிறது என்பாள். அளந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. மண் தோண்டத் தோண்ட வாக்கியமும் மனதில் தயாராகும்: அண்ணி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சாயங்காலம் கைகழுவும்போது அதுவும் சேறோடு போய்விடும்.

விதைக்கும் நாள், நூற்றுப்பத்து கூட்டை மட்டும் தன் கையில் கொடுக்கச் சொன்னாள். திறந்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். வில்லையில் கீறல் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினாள். மிக நேரம் பார்த்தாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா கொழுத்திருக்கு," என்றாள். ஒரு விதைகூடச் சிந்தாமல் கூட்டில் திரும்பப் போட்டாள். கூட்டை ஒருமுறை திருப்பிச் சீட்டைப் பார்த்தாள். "போடு. அரை விரல் ஆழம் போதும். கம்பளி போத்தற மாதிரி மூடிடாத."

முளைத்தன. நன்றாகவே முளைத்தன. நெருக்கமாக வந்ததைக் கலைத்து நட்டேன். படுத்தபடியே அண்ணி பழைய துணியில் பைகள் தைக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு பை. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள்; தைப்பதை யாரிடமும் விட மாட்டாள். மூச்சு வாங்கும்போது நிறுத்துவாள், பிறகு விட்ட தையலிலிருந்து எடுப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தேன் நான்.

முதல் மொட்டு ஒரு வாரக் காற்றுக்குப் பிறகு திறந்தது. ரோஸ். வெளிறிய ஆரஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. பலூன்காரன் பலூனில் இருக்கும் ரோஸ். பொட்டலத்தில் எழுதியிருந்ததுகூடப் பொய். மறுநாள் இன்னும் இரண்டு, அதே நிறம்.

நான் பறித்துவிடலாமா என்று பாத்தியருகே நிற்கும்போதே ஜன்னலில் அவள் குரல் கேட்டது. உள்ளே வரச் சொன்னாள். போய்க் கட்டிலருகே நின்றேன்.

"கலர் மாறிப்போச்சே, பாப்பா."

"மண்ணு மாறினதால இருக்கும் அண்ணி. இந்தத் தடவை நான்தானே கொத்தினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழக்கம்போல ஒரு பக்கம் சரிந்திருந்தது. கோபம் இல்லாத முகம். காத்திருக்கும் முகம்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணி."

"சரி," என்றாள். தலைமாட்டில் இருந்த பன்னிரண்டு பைகளையும் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து என்னிடம் நீட்டினாள். "அப்ப இது வேண்டாம். கண்ணாடி துடைக்க வெச்சுக்கோ."

அதற்குப் பிறகு பாத்தியைப் பற்றி அவள் பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினாள். கஷாயம் மாதிரி மருந்து கொடுக்கிறார்கள் என்று டாக்டரைத் திட்டினாள். உன் இரண்டு அறை வீட்டை விற்காதே, உனக்கு அதுதான் சரி என்றாள். ஒன்பதாம் நாள் மதியம், நான் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். ஒன்பது நாள் என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாத்தி அன்றைக்கென்று குலுங்கக் குலுங்கப் பூத்திருந்தது. அவங்க கை வெச்சா எதுதான் வராது என்றார்கள். யாரோ அந்த ரோஸ் ஜினியாக்களைக் கை நிறையப் பறித்து வந்து அவள் காலடியில் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. எந்தக் காரணம் சொல்லித் தடுப்பது?

என் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். இந்த வசந்தத்தில் தரை இளகியதும் மண்வெட்டியை எடுத்தேன். பாதி கொத்தியிருப்பேன், எதிர்வீட்டு டீச்சர் கையில் ஒரு காலிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். அண்ணியோடு பதினைந்து வருடப் பழக்கம் அவளுக்கு. தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அக்கா பத்துக்குப் பத்தும் வந்தால் முதல் விதை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள், பத்து வராவிட்டால் என்ன, இனி யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள், நான்கு விதை கொடுங்கள், வாசலில் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

மாடியில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த முறையும் மாடி. அதைச் சொல்லவில்லை.

"அந்த விதை இல்ல டீச்சர். குளிர்காலத்துல அறையக் காலி பண்ணும்போது நான் தூக்கிப் போட்டுட்டேன். போன வருஷம் பூத்தது கடையில வாங்கினது."

டீச்சர் பொட்டலத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. கேட்டாங்க. அப்பவும் சொல்லல."

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா திட்டியிருப்பாங்க," என்றாள். "ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பாங்க. அப்புறம், சரி, நூத்துப்பத்துல வேற என்ன போடலாம்னு ஆரம்பிச்சிருப்பாங்க. அவ்வளவுதானேக்கா."

பொட்டலத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டாள். அவ்வளவுதான் என்று அவள் சொன்ன அந்த இரண்டு நாளைத்தான் நான் அண்ணிக்குக் கொடுக்கவில்லை.

மிச்சப் பாதியையும் கொத்தி முடித்தேன். கயிறு இழுத்துக் குச்சிகள் நட்டேன். அறுபது அறுபதிலேயே நின்றதா என்று இரண்டு முறை அளந்தேன். எல்லாக் கோடுகளிலும் விதைத்தேன், நர்சரிப் பொட்டலத்தைப் பொட்டலமாகவே குச்சியில் செருகி, என்ன வாங்கினேனோ அதன் பெயரே தெரியும்படி. நூற்றுப்பத்தில் மட்டும் ஒன்றும் போடவில்லை. எரு போட்டுச் சமன் செய்து வைத்திருக்கிறேன். மற்றதற்கு ஊற்றும்போது அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

நேற்று டீச்சர் வேலிப் பக்கம் வந்து, ஏன் அந்த இடம் மட்டும் காலி என்றாள். அது நூற்றுப்பத்து என்றேன். அவள் எட்டிப் பார்த்து, அங்கே ஒரு புல் முளைத்திருக்கிறது பாருங்கள் என்று கைகாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேரோடு பிடுங்கினேன்.